மைப்பெட்டிக்கும் ஒரு பாஸ்

வினாத்தாளைத் தயாரிப்பவருக்கு அதை எழுதுபவரைவிட அதிகம் வியர்க்கும் என்பதை, ஆசிரியத் தொழிலில் அகப்பட்ட நீங்களும் அறிவீர்கள். 2001 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் திகதி, திங்கட்கிழமை. வவுனியாவில் இலை அசையாத வெக்கை. பதினோராம் ஆண்டு மாணவருக்குப் புதன்கிழமை தமிழ்ப் பரீட்சை. ஐந்து பக்க மூலப்பிரதியை அச்சிட்டுக் கொடுத்தால்தான் அதிலிருந்து எல்லாருக்கும் பிரதிகள் எடுக்க முடியும்.

மூன்றாம் பக்கம்

பாடசாலைக்கு அன்பளிப்பாக வந்த அச்சுப்பொறி இரண்டு பக்கங்களோடு நின்றுவிட்டது. மை தீர்ந்தது என்று கணினித் திரை அறிவித்தது. திருத்த வந்த செல்வம் மைப்பெட்டியைக் கழற்றி, ஊசியால் மை ஏற்றி, மீண்டும் பொருத்தினார். திரை சொன்னதையே சொன்னது. நம்பாமல் நான் பெட்டியை வாங்கிக் குலுக்கினேன். சேலையெல்லாம் கறுப்பு மை தெறித்தது.

"மை இல்லையெண்டு இனி ஆர் சொன்னாலும் நீங்கள்தான் சாட்சி, ரீச்சர்," என்றார் செல்வம்.

நகக்கண் அளவு

பெட்டியின் பக்கத்தில் நகக்கண் அளவில் ஒரு சிப் ஒட்டியிருந்தது. எவ்வளவு மை செலவானது என்பது அதில் பதிவாகுமாம். தீர்ந்ததாக ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு எவ்வளவு நிரப்பினாலும் பொறி அப்பெட்டியை ஏற்காதாம். எங்கள் தட்டெழுத்தாளர் சரசு போரால் மல்லாவியிலிருந்து இடம்பெயர்ந்தவர். வவுனியாவில் தங்குவதற்குப் பாதுகாப்புத் தரப்பு தரும் அனுமதிச்சீட்டான பாஸை வாரந்தோறும் வரிசையில் நின்று புதுப்பிப்பவர். செல்வத்தின் விளக்கம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"மை இருக்கு, ரீச்சர். பாஸ்தான் முடிஞ்சுபோச்சு."

ஆள்மாறாட்டம்

மறுநாள் காலை, பக்கத்து அலுவலகத்திலிருந்து அதே வகைப் பெட்டியொன்றை, அதன் மையைத் தொடுவதில்லை என்ற வாக்கோடு, செல்வம் இரவல் வாங்கி வந்தார். பொறி அதன் சிப்பைப் பார்த்துத் திருப்தியடைந்ததும், சட்டென்று அதை எடுத்துவிட்டு எங்களுடையதை வைத்தார். பொறி இரண்டாம் முறை பார்க்கவில்லை. மூன்றாம் பக்கம் மெல்ல வெளியே வந்தது.

பிறர் பெயரில் பரீட்சைக்கு வந்த ஒருவனை மண்டபத்திலிருந்து எழுப்பி அனுப்பியவள் நான். இந்த ஆள்மாறாட்டத்துக்கு அறைக்கதவைச் சாத்தியவளும் நானே. சரசு கைப்பையைத் திறந்து, தன் பாஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இந்த வேலையை நாங்கள் சோதனைச்சாவடியில செய்திருந்தால், இப்ப மறியலில இருக்கிற எங்களுக்கு ஆர் சாப்பாடு கொண்டு வாறது?"

ஐந்து பக்கங்களும் அச்சாகின. இரவல் பெட்டி மதியத்துக்குள் திரும்பிப் போயிற்று. புதன்கிழமை பரீட்சை குறித்த நேரத்தில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சரசு வழமைபோல் வரிசையில் போய் நின்றார்.

என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்டும் காணாமல் விட்ட ஆள்மாறாட்டம் அது ஒன்றுதான். அதைச் செய்தது ஒரு மைப்பெட்டி.