பிளாஸ்டராய் உடைந்த சீமைப் பொம்மை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் குடும்ப நாடகம் வரும். அரை மணி நேரம்தான். வாரம் ஒரு கதை. வந்த கதை அன்றைக்கே முடிந்துவிடும். குமாஸ்தா அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, காலேஜில் படிக்கும் மகள், வேலை நிலைக்காத மாமா. இந்த நாலு பேரும் ஒரு சோபாவும்தான் அவர்கள் போட்ட முதல். அதை வைத்தே எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. எதிர்வீட்டில்தான் பார்ப்பேன். எதிர்வீட்டுக்காரி என்னைவிட ஆறு வயது சின்னவள். இருவரும் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் கம்பெனியில், ஒரே மேசையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தோம். பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். ஈர ஸ்பாஞ்சால் அந்தக் கோடு தெரியாமல் தேய்த்துச் சூளைக்கு அனுப்புவது எங்கள் வேலை. நான் தேய்த்த பொம்மை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன.

அந்த நாடகத்தில் அம்மாவாக நடித்த பெண்ணுக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கையிலிருக்கும் துணியை மடிப்பாள். நாலாக மடிப்பாள், எட்டாக மடிப்பாள். துணி கைக்குட்டை அளவுக்கு வந்ததும் அப்பாக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு பேச்சு கிடையாது. அதை எழுதியவரும் குடும்பம் நடத்தியவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் யாரென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கதை, வசனம் என்பதைப் படித்து முடித்துவிட்டுப் பெயருக்கு வருவேன். இரண்டு எழுத்து கூட்டுவதற்குள் அடுத்த ஆளின் பெயர் வந்து நிற்கும். தெரிந்திருந்தால் அவரிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு கேள்வியும் கேட்டிருப்பேன்.

மாமாவுக்கு ஒரு வாரம் வேலை கிடைக்கும், அரை மணிக்குள் போய்விடும். சரி. அடுத்த வாரம் அவர் அப்படியொரு வேலைக்குப் போனதே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காதே, அது எப்படி? போனில் பேசுவதைப் பாதி கேட்டுவிட்டு மகள் அழுதுகொண்டு ஓடுவாள். யார் போனில் என்று ஒரு வார்த்தை கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்; அதனால் கேட்க மாட்டாள். கட்டிலுக்கடியில் யாராவது ஒளிந்தால், தேடி வந்தவர் திரும்பிப் போகிற நேரம் பார்த்துத் தும்மல் வரும்.

ஒரே அச்சில் ஊற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பிழைப்பே அதுதான், ஒரு அச்சில் நூறு பொம்மை. ஆனால் நாங்கள் கோட்டைத் தேய்த்துவிட்டு அனுப்புவோம். நாடகம் எழுதியவர் சில வாரம் தேய்க்காமலே அனுப்பிவிடுவார். அவ்வளவு கெட்டிக்காரர் அப்படிச் செய்கிறாரே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குத் திட்டக்குடியிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி தன் மகளை அவர் வீட்டில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இவள் அந்த நாடகத்தைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே நிறையச் சொல்லி வைத்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். நான் வழக்கம்போல பீரோ ஓரம் தரையில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கதை, அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த சீமைப் பீங்கான் பொம்மையை மாமா உடைத்துவிடுவது. அலமாரியிலிருந்து விழுந்தது. கேட்ட சத்தம் கண்ணாடி டம்ளருடையது. தரையில் கிடந்த துண்டுகளோ உள்ளே வெளியே எல்லாம் ஒரே சுண்ணாம்பு வெள்ளை, ஓரத்தில் மாவு உதிர்ந்து கிடந்தது. பளபளப்புக்குக் கிளேஸ் பூசிச் சுட்ட பீங்கானின் உடைந்த வாய் அப்படியா இருக்கும்? அம்மாக்காரி அந்தத் துண்டுகளை மடியில் அள்ளிப்போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வாய் நிற்கவில்லை.

"நல்லா பாருங்க, அது பிளாஸ்டரு. நம்ம கம்பெனி அச்சு ஒடஞ்சா இப்படித்தான் கெடக்கும். சீமையாம் சீமை."

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். இதுக்கா சம்பந்தி கண்ணு கலங்குறீங்க என்று இவளைப் பார்த்துக் கேட்டார்.

எதிர்வீட்டுக்காரி என்னை நீ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால்தான் மரியாதை வரும். அன்றைக்கு வந்தது.

"ஓசியில பாக்குறவங்களுக்கு நொட்ட சொல்லத்தான் தெரியும். புடிக்கலன்னா உங்க வூட்டுலயே ஒண்ணு வாங்கி வெச்சிப் பாருங்க."

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நாலு வாரம் நாங்கள் பேசவில்லை. நாடகம் போனால் போகட்டும். பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் பேசிக்கொண்டே வேலை செய்துவிட்டு, ஸ்பாஞ்சு தண்ணீரில் விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. பேச ஆசைதான். முதலில் நான் எதற்குப் பேச வேண்டும், சொல் வாங்கியவள் நான் என்று இருந்தேன். அவளும் சபையில் தலைகுனிந்தவள் நான் என்று இருந்திருப்பாள். எங்களுக்கு நடுவில் நல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி உட்காருவாள். எதுவானாலும் அவள் மூலமாகத்தான். தண்ணீர் மாற்றச் சொல்லு, டிரேவை நகர்த்தச் சொல்லு என்று இரண்டு பக்கமும் அவள் காதில் போடுவோம். ரெண்டு பேருக்கும் வாய் இருக்குதுல்ல, நான் என்ன டெலிபோன் கம்பியா என்று அவள் ஒருநாள் சலித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டு டிவி தெருவுக்கே கேட்கும். முன்பு அவ்வளவு சத்தமாக வைக்க மாட்டாள். நான் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். படம் பார்க்காமலே கதை விளங்கியது. போன் மணி அடிக்கும், மகள் விசும்புவாள். சரி, பாதிதான் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் போனால், அம்மா துணி மடிக்கிறாள். நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன்.

ஐந்தாவது வாரம் நல்லூர்க்காரி ஒரு சேதி கொண்டுவந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அந்த நாடகம் முடிகிறதாம். மூன்று பேர் கையும் நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரி நல்லூர்க்காரியைப் பார்த்துச் சொன்னாள்:

"பாக்குறவங்க வந்து பாக்கலாம்னு சொல்லு. யாரும் கதவ சாத்தி வெக்கல."

"கூப்புடுறவங்க நேரா கூப்புட்டா வருவாங்கன்னு சொல்லு" என்றேன் நான்.

நல்லூர்க்காரி ஸ்பாஞ்சைப் பிழிந்தாளே தவிர யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முறத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். பதினோரு மணி ஆயிற்று. எதிர்வீட்டிலிருந்து நாடகத்தின் ஆரம்பப் பாட்டு வரவில்லை. கரண்ட் இல்லையோ என்று என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்தேன். மூச்சுகூட இல்லை. பிறகுதான் புரிந்தது. என் காது எவ்வளவு தூரம் எட்டும் என்று அவளுக்குத் தெரியும். கடைசி நாள் பார்த்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.

முறத்தை வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன். வாசலில் நின்றிருந்த அவள் வீட்டுக்காரர், வாங்கம்மா, ஆரம்பிச்சிடுச்சி என்று விலகி வழிவிட்டார். உள்ளே டிவி கொசு மாதிரி பேசிக்கொண்டிருந்தது. அவளுக்கே கேட்காமல் திரைக்கு முக்கால் முழத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பீரோ ஓரம் போய் உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் சத்தத்தைக் கூட்டினாள்.

கடைசி வாரம் சோடைதான். நாலு பேரும் சோபாவில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். முன்பு வந்த காட்சியே மறுபடி ஓடும். அரை மணியும் அதேதான். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டது போதும். அவள்தான் பேசினாள்.

"யக்கா, பழசையே வெட்டி ஒட்டிப் போட்டிருக்கான் பாத்தியா. கடைசி நாளாவது புதுசா ஒண்ணு எழுதக் கூடாதா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

"வுடு. நூத்திச் சொச்சம் வாரம் எழுதுனவன், கை ஓஞ்சிருக்காதா. அந்தம்மா மொகத்தப் பாரு, அது போதும்."

அவள் விடவில்லை. காலேஜ் படிக்கும் அந்த மகள் இரண்டு வருஷமாக மூன்றாம் வருஷமே படிக்கிறாள் என்றாள். அப்பாக்காரர் சிவப்புச் சட்டையில் வெளியே போய் நீலச் சட்டையில் திரும்பி வந்தார் என்றாள். நான் கவனிக்காததையெல்லாம் அவள் கவனித்திருந்தாள். இதெல்லாம் எப்போ பார்த்தாய் என்றேன்.

"எப்பவுமேதான். அது பிளாஸ்டருன்னு எனக்கு மட்டும் தெரியாதா? சம்பந்தி எதிர்லதான் சொல்லணுமா நீ?"

தப்பு என்று வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் முழங்காலைத் தட்டி, சட்டை சமாசாரத்துக்கு வந்தேன். அவர் நடுவில் ஆபீஸில் மாற்றியிருப்பார் என்றேன். எந்த ஆபீஸில் சட்டை மாற்ற விடுவான் என்று அவள் கேட்டாள். அவள் குறை சொல்ல, நான் விட்டுக்கொடுக்காமல் பேச, டிவியில் அடுத்த நிகழ்ச்சி பாதி ஓடிவிட்டது. அது என்ன நிகழ்ச்சி என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.