பதினொன்று வரை எண்ணியவள்

மீனை வெட்டிப் பெட்டியில் அடைத்து உறைய வைக்கும் அந்த ஆலையில், அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவள் பதினொண்ணு.

புதிதாகச் சேருகிறவளை முதல் வாரத்துக்குள் குளிரறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து விளக்கை அணைப்பார்கள். உள்ளே நின்று அவள் சத்தமாக நூறு வரை எண்ண வேண்டும். வெளியே இருப்பவர்களும் கூடவே விரல் மடக்கி எண்ணுவார்கள். எந்த எண்ணில் அழுகிறாளோ, அதுதான் அவள் பெயர். மற்ற எண்கள் நாலு நாளில் மறந்துபோகும். எல்லாரிலும் குறைவாக எண்ணியவளின் எண் மட்டும், இன்னொருத்தி அதற்கும் கீழே போகிறவரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவள் பதினொன்றில் அழுதாள். உடையும் நனைந்துவிட்டது. ஆறு வருடம் அந்தப் பெயர் போகவில்லை. ஒருநாள் மகள் வீட்டுச் சாவி வாங்க வந்தபோது, வாசல் காவலாளி உள்ளே பார்த்துக் கத்தினான்: “ஏய் பதினொண்ணு, உன் பொண்ணு வந்திருக்கு!”

“ஏம்மா உனக்கு அந்தப் பேரு?” என்று மகள் கேட்டாள். இவள் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தன்னைவிடக் கோழை ஒருத்தி வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

குளிரறையில் எப்போதோ ஒருத்தி விறைத்துச் செத்தாள், இன்னும் கதவைத் தட்டுகிறாள் என்று ஆலையில் ஒரு பழங்கதை உண்டு. செத்தவளை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கதைக்கு இவள் கண், காது, மூக்கு வைத்தாள். வந்தவளையெல்லாம் பயமுறுத்திப் பார்த்தாள். ஒருத்தி முப்பத்துநாலு, ஒருத்தி அறுபது. பதினொன்றுக்குக் கீழே யாரும் இறங்கவில்லை.

கடைசியில் ஒருத்தி வந்தாள். பால்குடி மறக்காத பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். தட்டு விழுந்தாலே திடுக்கிடுவாள். இவளுக்கு வாயெல்லாம் பல். ஐந்து நாள் தன் சோற்றைப் பங்கு வைத்து, பக்கத்திலேயே உட்கார வைத்துக் கதை சொன்னாள்.

“செத்தவ சும்மா தட்டமாட்டாடி. பழகின குரல்லதான் கூப்பிடுவா. ‘நான்தான்டி’ன்னுவா. கெஞ்சுவா. திறந்தியோ, அவ வெளியே, நீ உள்ளே.”

“அப்ப என்னக்கா செய்யணும்?”

“திரும்பிப் பாக்காம ஓடணும்.”

ஆறாம் நாள் உள்ளே தள்ளினார்கள். ஏழு வரை குரல் வந்தது. அப்புறம் வந்தது ஓலம்.

“ஆறு வருஷம் நான் சுமந்தேன். இனி நீ சுமடி, ஏழு!” என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. அன்றுமுதல் எல்லாரும் தன்னை நிஜப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அதோடு விட்டாளா? குளிரறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்து வெகு நாளாயிற்று. கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டையை இடையில் வைத்துத்தான் எவரும் உள்ளே போவார்கள். இவள் கட்டையை வைத்துவிட்டு உள்ளே ஒளிந்து, ஏழு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தட்டிக் கூப்பிட்டாள். அவள் ஒவ்வொரு தடவையும் ஓடினாள். குரல் யாருடையது என்று மற்றவர்கள் சொல்லவில்லை. சொன்னால் வேடிக்கை போய்விடுமே.

ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடித்த அவசரத்தில் இவள் கடைசி மீன்பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சக்கரம் கட்டையையும் இழுத்துக்கொண்டு போனது. கதவு சாத்திக்கொண்டது.

ஈரக் கையுறையோடு தட்டினாள். வெளியே காலடிச் சத்தம் நின்றது.

“யாரு?” ஏழுவின் குரல்.

“நான்தான்டி! அக்காடி! கதவைத் திறடி, உன் கால்ல விழறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான், எல்லாம் தான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் என்று அவளுக்கு உறைத்தது. காலடிகள் ஓடின.

சாப்பாட்டு அறையில் ஏழு மூச்சு வாங்க வந்து விழுந்தாள். “கூப்பிடுறாக்கா! அழுது கெஞ்சுறா!”

பெட்டி கட்டும் பெரியக்கா சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. “ஆரம்பிச்சுட்டாளா? இன்னிக்கு அழுகை வேறயா!”

சிரித்தார்கள். ஒரு மணி நேர இடைவேளையை ஒரு நிமிடம் குறைக்காமல் அனுபவித்தார்கள். அதன் பிறகு மேற்பார்வையாளர்தான் கதவைத் திறந்தார். இவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

“நீங்க சொன்ன மாதிரியே கூப்பிட்டுச்சுக்கா” என்று ஏழு ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாள். இவளால் திட்டக்கூட முடியவில்லை. வேறு எப்படிக் கூப்பிட்டிருக்க முடியும்?

மூன்று மாதம் கழித்து இவள் வேலைக்குத் திரும்பினாள். கத்தி பிடிக்க முடியாததால் துடைப்பம் கொடுத்தார்கள். உள்கைப்பிடியைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதனாலென்ன, புதிதாக வருகிறவளை உள்ளே அடைக்க, வெளியே ஒருத்தி சாய்ந்து பிடித்துக்கொண்டால் போதும். அந்த வாரம் ஒரு புதியவள் சேர்ந்திருந்தாள். ஏழு அவளுக்கு வலியச் சோறு பங்கு வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதையில் செத்தவளுக்கு இப்போது இரண்டு விரல் இல்லை.

துடைப்பத்தோடு நின்ற இவள் எல்லாவற்றையும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் வந்த வார்த்தை வேறு.

“கதவை நான் பிடிச்சுக்கறேன்.”

புதியவளை உள்ளே தள்ளியதும் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்னக் குரல் எண்ணத் தொடங்கியது. எல்லாரும் விரல் மடக்கினார்கள். ஏழு வந்தது, போனது. ஏழுவின் முகம் செத்துவிட்டது. எட்டு. குரல் நடுங்காமல் ஒன்பது என்றது. ஒன்பதாவதாக மடக்குவதற்கு இவளிடம் விரல் இல்லை.