மாடிக் குழாய்க்கு மூன்று வாக்கியம்

எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘எவ்வளவு டீச்சர்’. ஆய்வக அறிக்கையில் யாராவது ‘சிறிது நேரம் சூடாக்கினோம்’ என்று எழுதிவிட்டால் போதும், சிறிது என்றால் எவ்வளவு என்று குடைந்தெடுத்துவிடுவார். வீட்டிலும் இதே கூத்துதானாம். கணவர் ‘கொஞ்ச நேரத்துல வந்துடறேன்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், கேள்வி வருவதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாராம். பக்கத்து மேசையில் கணக்குத் தாள் திருத்தும் எனக்குத்தான் ஓட இடமில்லை.

ஆனால் அவர் கோபத்தில் நியாயம் உண்டு. இந்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பள்ளிக் குடிநீரைச் சோதிக்கச் சொன்னார். மருந்து போட்ட சின்ன பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். கீழ்க் குழாய்த் தண்ணீர் தெளிவாக இருந்தது. மாடிக் குழாய்த் தண்ணீர் மையாகக் கறுத்துப்போனது. அங்கேதான் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் குடிக்கிறார்கள். வயிற்றுப்போக்கு என்று தினம் யாராவது விடுப்பு.

பிள்ளைகள் அறிக்கை எழுதினார்கள். முதல் பக்கம் முழுக்கத் தண்ணீரின் பெருமை. அடுத்த பக்கம் மேகம், மழை, ஆறு. கடைசியில், போனால் போகிறதென்று, ‘ஒருசில மாதிரிகளில் விரும்பத்தகாத மாற்றங்கள் காணப்பட்டன’ என்று ஒரு வரி. டீச்சரிடம் காட்டாமலே தலைமையாசிரியரிடம் ‘மிக நன்று’ வாங்கி, மாடிக் குழாய்க்கு மேலேயே ஒட்டியும் விட்டார்கள். குழந்தைகள் அதன் கீழே வரிசையாக நின்று குடித்தார்கள்.

டீச்சர் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். குழாயை மூடித் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றார். அறிக்கையில் அப்படி எதுவும் இல்லையே என்றார் அவர். அதிகாரிகள் பார்வையிட வரும் வாரம். தண்ணீரை நிறுத்தினால் வீண் பேச்சு வரும் என்பது அவர் கவலை.

திரும்பி வந்த வேகத்தில் டீச்சர் எட்டாம் வகுப்புத் தலைவியைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, அறிக்கையைப் படிக்கச் சொன்னார். கேட்டால் என்ன தோன்றுகிறது என்று என்னிடம் கேட்டார்.

“தண்ணி குடிக்கணும்போல இருக்கு,” என்றேன். உண்மை அதுதான்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அழகாக எழுதினால்தானே மதிப்பெண் போடுகிறீர்கள் என்று என்னையும் சேர்த்துக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

“அழகு கெடக்கட்டும்மா. யாருக்குச் சொல்றோம், அவங்க என்ன செய்யணும்? அத மட்டும் எழுது,” என்றார் டீச்சர்.

எழுதினாள், ‘மாசு’ என்ற சொல்லை டீச்சர் அடித்தார், என்ன மாசு என்று கேட்டு. மறுபடி எழுதினாள், ‘தவிர்ப்பது நலம்’ போயிற்று. மதிய இடைவேளை முடிந்து என் வகுப்பும் பாழானது. விட்டுத் தொலையுங்களேன் என்று நானே கத்திவிட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தாளில் மூன்று வாக்கியம் நின்றது: ‘மாடிக் குழாய்த் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அதைக் குடிக்கிறார்கள். இன்றே குழாயை மூடித் தொட்டியைக் கழுவுங்கள்.’

மூவருமாகக் கொண்டுபோனோம். தலைமையாசிரியர் நின்றபடி படித்தார். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். முகம் கடுகடுவென்று ஆனது.

“ஏன் டீச்சர், முன்ன மாதிரியே எழுதியிருக்கக் கூடாதா? இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

தலைமையாசிரியர் முனகிக்கொண்டே குழாய்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு, தானே மாடி ஏறினார்.