உப்புத் தூவிய விமானம்

எங்கள் அண்ணன் இறைவனில் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்ன அண்ணி ஒரு நிபந்தனை விதித்தார்: "உங்க பத்திரிகை நக்கலெல்லாம் வேணாம் தம்பி. அவரப் பத்தி மட்டும் எழுதுங்க." முயல்கிறேன். ஆனால் அண்ணனைப் பற்றி எழுதினால் என் பொறாமையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

அண்ணன் மரக்காணத்தில் பிறந்தார். உப்பளத்தில் கூலி வேலை பார்த்த அப்பா காலமானதும், படிப்பை நிறுத்திவிட்டு மின்சார அலுவலகத்தில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனேன். ஊரில் யாரும் என்னைப் படித்தவன் என்று சொன்னதில்லை. 'அவர் படிக்க வைத்த தம்பி' என்றார்கள். பட்டம் எனக்கு, பாராட்டு அவருக்கு.

ஓய்வு பெற்றபின் அவர் ஒரு விமானம் செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, முழங்கை நீளம். விமானியின் இருக்கைக்கு, தன் இதய மாத்திரை அட்டையின் ஈயத்தாளைக் கத்தரித்து பெல்ட் மாட்டினார். வீடு மந்திரிக்க வந்த பங்குத்தந்தை விமானத்தின் மீதும் தீர்த்தம் தெளித்தார். பக்கத்திலேயே இருந்த, நான் எழுதிய புத்தகத்தின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

புதிதாகப் பளபளத்தால் அது பொம்மை, போருக்குப் போய்வந்த விமானத்தில் பெயிண்ட் உரிந்திருக்க வேண்டும் என்பார். அதற்கு அவர் வழி உப்பு. முதலில் வெள்ளி நிறம் அடித்து, ஈரமாக்கி, உப்புத் தூவி, அதன்மேல் பச்சை அடிக்க வேண்டும். காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், அது இருந்த இடமெல்லாம் வெள்ளி தெரியும். கடை உப்பு ஆகாது. அளத்து உப்பைத்தான் நுணுக்கி, டீ வடிகட்டியில் சலிப்பார்.

"டீ கரிக்குதுங்க!" என்று அண்ணி அலறாத காலை குறைவு.

பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரஸரோடு கூனிமேட்டிலிருந்து பாய் வருவார். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். இறக்கையைப் பிடித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு மட்டுமே. ஒருநாள் நானும் கை நீட்டினேன்.

"டேய், தொடாத. உன்னுது எழுதுற கை."

"அப்போ பாயோடது?"

"அது வேலை செய்யுற கை."

பாய் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

என் கட்டுரை வந்த பத்திரிகையை ஒருமுறை கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது விமானத்தின் அடியில் விரிந்து, பச்சையாகக் கிடந்தது. "உன் பக்கந்தாண்டா பெயிண்ட்ட நல்லா உறிஞ்சுது" என்றார். என் எழுத்துக்கு அவர் தந்த ஒரே விமர்சனம் அது.

பச்சை அடித்து முடித்த மறுநாள் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உப்பு அப்படியே கிடக்குதேடா" என்றார். என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதிலும் நான் இல்லை.

விமானம் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தது. ஆண்டு நினைவுக்குள் முடிக்க வேண்டும் என்றார் அண்ணி.

"நான் முடிச்சுடட்டுமா தம்பி?" என்று பாய் கேட்டார்.

"வேணாம் பாய்" என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

அண்ணி என்னையே பார்த்தார். "அப்போ நீங்களே செய்யுங்க. அவரு பக்கத்துல உக்காந்து திட்டுறாருன்னு நெனச்சுக்கிட்டுச் செய்யுங்க."

போன வாரம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். உப்பை யார் வேண்டுமானாலும் தூவலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. மெக்கானிக் திறந்து மூடும் மூடியின் விளிம்பில் தெரிந்தது. யாரும் தொடாத இடத்தில் ஒரு புள்ளி இல்லை. போன பிறகும் மனிதர் பாராட்டை எனக்கு விட்டுவைக்கவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த பங்கு மக்களுக்கும், கூப்பிடாமலே வந்து நின்ற பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

விமானம் வாசலருகே மேசையில் இருக்கிறது. பார்த்துவிட்டு அண்ணனைத்தான் புகழ்வீர்கள், எனக்குப் பழகிவிட்டது. வாலருகே ஒரே ஒரு உப்புத் துகள் ஒட்டியிருக்கும். அதையும் உதிர்த்துவிட்டால் அவர் வேலை முடிந்துவிடும். தயவுசெய்து யாரும் தட்டிவிட வேண்டாம். பாய், குறிப்பாக நீங்கள்.