அண்ணா ஒரே மேசைக்கு அழைத்த இருவர்

சிவபெருமானின் திருவடியில் அண்ணாவை ஒப்படைத்துவிட்டு, இன்னும் நம்பமுடியாத மனத்தோடு இதை எழுதுகிறேன். அதிகம் படிக்காதவன், பிழையிருந்தால் உறவுகள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தார். அகதியாக வந்து, நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க உழைத்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். பிறகு ஒஸ்லோவில் ஹோட்டல் சமையலறை வேலை, லோறென்ஸ்கூக்கில் வீடு. சாமி கும்பிடாமல் தண்ணீரும் குடிக்கமாட்டார்.

சமையலறையில் அவருக்கு இரண்டு கூட்டாளிகள். யூசுப் பலஸ்தீனர். டானியல் இஸ்ரேலில் பிறந்த யூதர். காசாப் போர் தொடங்கியபின் இருவரும் தங்களுக்குள் கதைப்பதை விட்டுவிட்டார்கள். அது அண்ணாவை வாட்டியது. இலங்கையில் எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தையில் நோர்வே நடுவில் நின்றபோது முழுதாய் நம்பி ஏமாந்தவர் அவர்.

"அது எங்கட கையில இருக்கேல்லையடா. இந்த ரெண்டு பேரையாவது கதைக்க வைக்கவேணும்" என்றார். ஒருவருக்கு மற்றவர் வருவதைச் சொல்லாமல் இருவரையும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

"ரெண்டு பேரும் உங்களைத்தான் அடிக்கப் போகினம்" என்று அண்ணி பகிடி பண்ணினார்.

"ஒண்டாச் சேந்து அடிச்சா அதுவும் சமாதானம்தானே!"

வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து சட்டையைக் கழற்றும்போதே அண்ணா சரிந்தார். அம்புலன்ஸ் வரமுன் உயிர் போய்விட்டது.

அந்தக் கலக்கத்தில் விருந்து ஒருவருக்கும் நினைவில்லை. ஞாயிறு மதியம் மணி அடித்தது. யூசுப் இனிப்புப் பெட்டியோடும் டானியல் பூக்களோடும், ஆளையாள் பார்க்காமல் வாசலில் நின்றார்கள். செய்தியைச் சொன்னேன். பூக்கள் கீழே விழுந்தன. யூசுப் இனிப்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார்.

துக்கவீடென்று அடுப்பு மூட்டவில்லை. அயலவர் கொண்டுவந்த சோறும் பருப்பும் இருந்தன. "அவர் கூப்பிட்ட ஆக்களைச் சாப்பிடாமல் அனுப்பேலாது" என்று அண்ணி இருவரையும் ஒரே மேசையில் இருத்தினார்.

அவர்கள் நோர்வே மொழியில் கதைத்ததை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஏன் இந்தச் சண்டை முடியுதில்லை?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"எங்கட பக்கம் காசாவுக்கு ஒரு தலைமை, மேற்குக் கரைக்கு இன்னொண்டு. தேர்தல் நடந்து கனகாலம். ஆர் கையெழுத்துப் போடுறது?" என்றார் யூசுப்.

"குடியேற்றங்களை நிப்பாட்டினா எங்கட அரசாங்கம் அடுத்த நாளே கவிழும். உங்கட பிரிவு எங்கட தலைவர்மாருக்கு வசதி" என்றார் டானியல்.

திகைத்துப் போனேன். தடை அவரவர் தலைவர்கள்தான் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து! ஆனால் முகம் பார்க்கிறார்களில்லை.

"இவ்வளவு தெரிஞ்சும், என்ர அக்கான்ர பிள்ளையள் காசாவில செத்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேக்கேல்லை" என்றார் யூசுப்.

"என்ர மருமகனையும் சண்டை தொடங்கின முதல் நாளே சுட்டுப்போட்டாங்கள். நீ கேட்டனியோ?" என்றார் டானியல்.

நோர்வே மொழி விளங்கினாலும் கதைக்க வராத அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "எங்கட ஊரில கதைபேச்சு இல்லாத சனமும் செத்தவீட்டில ஆளையாள் விசாரிக்கும். இதுவும் செத்தவீடுதான். விசாரியுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன்.

"அவனுக்கு எத்தினை வயசு?" என்றார் யூசுப்.

டானியல் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார். யூசுப் ஒவ்வொன்றாகச் சொல்ல, டானியல் தானும் சொல்லிப் பார்த்தார். பிழையாகச் சொன்னதை யூசுப் திருத்தினார்.

பேர்கனிலிருந்தும் திராமனிலிருந்தும் ஓடிவந்த உறவுகளுக்கும், சோறு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகள் செய்த ஐயாவுக்கும், அண்ணாவின் சவப்பெட்டியின் இருபக்கமும் நின்று தூக்கிய யூசுப்புக்கும் டானியலுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எல்லாம் அவன் செயல் என்று கும்பிடுகிறவன் நான். ஆனாலும், ஆண்டவா, அந்த ஞாயிறு முடிந்தபிறகு அண்ணாவைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?