செல்லக்கண்ணுவின் சொந்த வறட்சி

இடி இடித்தால் அந்தப் பாசிர் ரிஸ் அடுக்குமாடி புளோக்கில் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். செல்லக்கண்ணு மட்டும் வெளியே ஓடுவார். ஒரு கையில் பந்தல் அளவுக்கு ஒரு குடை, இன்னொரு கையில் தார்ப்பாய். கீழே சமூகத் தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வேப்பமரம் அவருக்கு உண்டு. அதன் அடியில் தார்ப்பாயை விரித்து, உச்சியில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குடை முழுக்க மரத்துக்கு. அவர் தொப்பலாக நனைவார்.

“அங்கிள், நனையிறீங்க!” என்று மாடியிலிருந்து யாராவது கத்துவார்கள்.

“நான் நனைஞ்சா துவட்டிக்குவேன் லா! இது நனைஞ்சா பூக்காது!”

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். மரங்களைப் பற்றி அவருக்கு ஒரே கட்சிதான். “ஆப்பிளுக்குக் குளிரணும். ரம்புத்தானுக்கு மழை வேணும். வேம்புக்கு நாக்கு வறளணும், அப்பத்தான் பூவு.” வருடம் முழுக்கக் கொட்டும் ஊரில் வறட்சிக்கு எங்கே போவது? அதனால் அதை அவரே ஏற்பாடு செய்கிறார். காலையில் கைபேசியைப் பார்த்து, “பரமக்குடியில இன்னிக்கு முப்பத்தெட்டு டிகிரி, கேட்டுக்க” என்று மரத்துக்கு வானிலை வாசிப்பார். பரமக்குடிக்கு அவர் போனது ஒரே தடவை. வெயில் தாங்காமல் மறுநாளே மயங்கி விழுந்தார். இங்கேயும் மத்தியானமானால் மனிதரை நூலகத்து ஏர்கானில்தான் பார்க்கலாம்.

தோட்டக் குழுத் தலைவி ரோஷினிக்குப் பொறுமை போய்விட்டது. பூக்காத மரத்தைப் பிடுங்கிவிட்டு கங்கோங் கீரை போட்டால், இந்த மழைக்கு மளமளவென்று வருமே!

“சாரி அங்கிள். சித்திரைக்குள்ள பூக்கலைன்னா ரிமூவ் பண்ணிடுவோம்.”

“பூக்கும்மா. புத்தாண்டு அன்னிக்கு இந்தப் பூவுலதான் உங்க எல்லாருக்கும் பச்சடி!”

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மரம், பாவம்.

“மரத்தைக் காயப் போடுறேன்னு நீங்கதான் காஞ்சு போயிட்டீங்க” என்றார் மனைவி தங்கம்.

பிப்ரவரியில் மழை தானாகவே ஓய்ந்தது. வானத்தின் இந்த உதவியை செல்லக்கண்ணு இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எல்லாம் தார்ப்பாயின் வேலை என்கிறார். ஏப்ரலில் ஒரு காலை, ஒரே ஒரு கிளையில் ஒரே ஒரு கொத்து வெள்ளையாய் எட்டிப் பார்த்தது. மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியேறி, வீட்டு வாசலில் மூச்சு வாங்கி நின்றார். தங்கம் ஆம்புலன்சைக் கூப்பிட இருந்தார்.

புத்தாண்டு காலையில் தோட்டமே கூடிவிட்டது. ரோஷினி, “ஓகே அங்கிள், மரம் இங்கயே இருக்கட்டும்” என்று சிரித்தாள். தங்கம் வெல்லமும் மாங்காயும் போட்ட கிண்ணத்தை நீட்டினார். எல்லோர் கையிலும் கைபேசி.

“பறிங்க” என்றார் தங்கம்.

செல்லக்கண்ணு கிளையை வளைத்தார். கொத்தை மூக்கருகே கொண்டுவந்தார். அப்புறம், தூங்குகிற குழந்தையின் கையை விடுவது போல, கிளையை மெல்ல விட்டார்.

“அங்கிள், பச்சடி?”

யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், சட்டைப் பையிலிருந்து தேக்கா சந்தையில் வாங்கிய காய்ந்த வேப்பம்பூப் பொட்டலத்தை எடுத்துக் கிண்ணத்தில் கொட்டினார்.