குருசடி முன்னால் கழலாத ஷூ

குளச்சலில் கடல்தொழில் செய்தவன் நான். சர்க்கரை கூடியதால் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். துபாயிலிருந்து லீவில் வந்த மச்சினன் தன் ரேஸ் சைக்கிளையும் அதற்கான ஷூவையும் கொடுத்தான். ஷூவின் அடியில் உள்ள கொக்கி பெடலில் மாட்டிக்கொள்ளும்.

"குதிகால வெளிய திருப்பினாதான் கழலும் மச்சான், மறந்திராதீங்க" என்றான்.

எங்கள் ஊரில் குருசடி என்கிற ரோட்டோரச் சிலுவைக் கோயில் வந்தால் சைக்கிளை நிறுத்தி, செருப்பிலிருந்து காலை உருவித் தரையில் ஊன்றி, சிலுவை போட்டுவிட்டுத்தான் போவோம். அந்த ஷூவோடு கிளம்பிய அன்றும் அதே பழக்கத்தில் பிரேக் பிடித்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க்கொண்டே காலை மேலே இழுத்தேன். வரவில்லை. சைக்கிளோடு சாய்ந்து குருசடிப் படியில் விழுந்தேன். முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது.

"திருப்பணும்னு சொன்னேனே மச்சான்" என்று ஆஸ்பத்திரியில் மச்சினன் அழுதான். அவனை என்ன சொல்ல?

ஆபரேஷன் செய்தும் கால் மடங்கவில்லை. ஆடுகிற படகில் நிற்க முடியாதவனை யார் கடலுக்குக் கூட்டிப்போவார்கள்?

நின்று நின்று போகிற ஊர் ரோட்டுக்கு அடி தட்டையான சாதாரண ஷூ போதும். கொக்கி ஷூ, நிற்காமல் வெகுதூரம் ஓட்டிப் பழகியவர்களுக்கு. சைக்கிளில் வருகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன். "சரி அண்ணே" என்று போய்விடுகிறார்கள்.

இப்போது வார் வைத்த செருப்போடு கம்பு ஊன்றி நடக்கிறேன். குருசடி வந்தால் மனைவி குனிந்து அந்த வாரைக் கழற்றிவிடுகிறாள். சிலுவை போடுகிறேன். ஆண்டவரிடம் எதுவும் கேட்பதில்லை.